அதே 75 மில்லிமீட்டர்: பழைய இத்தாலியக் கார் எஞ்சின்களைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

பிரீமியர் பத்மினியை நம் ஊரில் பத்மினி என்று கூப்பிட்டவர்களைவிட ‘பியட்’ என்று கூப்பிட்டவர்கள்தான் அதிகம். அவர்கள் சொன்னது சரிதான், ஏனென்றால் அது இத்தாலியில் 1953-ல் வெளிவந்த பியட் 1100 காரின் வழியில் வந்த வண்டி. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி அதை உரிமம் வாங்கித் தயாரித்தது, 1974-ல் பத்மினி என்று பெயர் வைத்தது, 2000-ஐ ஒட்டிய காலம் வரை தயாரிப்பு ஓடியது. நான் முதன்முதலில் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் தலைப்பகுதி, கழற்றிப் பார்த்த எஞ்சினும் அதுதான். ஒரு ஒர்க்‌ஷாப் திண்ணையில் கோணி விரித்து, வால்வுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள், எது எந்தச் சிலிண்டருடையது என்று சாக்பீஸால் எண் போட்டு.

அந்த எஞ்சினின் அளவை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றின் குறுக்களவு, அதாவது போர், 68 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 75 மில்லிமீட்டர். மொத்தம் 1089 சிசி. 1953-ல் இத்தாலியில் இதன் சக்தி 36 குதிரைத்திறன்.

இப்போது இன்னொரு எஞ்சின். அடுத்த வருடமே, 1954-ல், மிலான் நகரத்து ஆல்ஃபா ரோமியோ கம்பெனி ஜூலியெட்டா ஸ்பிரிண்ட் என்ற காரைக் கொண்டுவந்தது. அதிலும் நான்கு சிலிண்டர்தான். போர் 74 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் அதே 75, மொத்தம் 1290 சிசி. இந்த எஞ்சினின் வேகமான வடிவமான வெலோச்சே கொடுத்த சக்தி சுமார் 90 குதிரைத்திறன். சிசியில் பார்த்தால் வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, சக்தியிலோ இரண்டரை மடங்கு! ஒன்று குடும்பக் கார், இன்னொன்று ஓட்டி மகிழ்வதற்கென்றே செய்த கார் என்பதால் ஒப்பீடு முழுக்க நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த இரண்டரை மடங்கு எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டால், பழைய இத்தாலியக் கார்களைப் பற்றிப் பாதிக்கு மேல் புரிந்த மாதிரி.

எஞ்சினைக் கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அது காற்றை இழுக்க வேண்டும், விட வேண்டும். பெட்ரோல் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். ஆகவே சக்தி என்பது கடைசியில் மூச்சு விஷயம்தான், ஒரு நிமிடத்தில் எவ்வளவு காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ள முடிகிறது என்பதுதான் கணக்கு. அதைக் கூட்ட இரண்டு நேர்வழிகள் உண்டு: எஞ்சினையே பெரிதாக்குவது, அல்லது சின்ன எஞ்சினையே வேகமாக மூச்சு விட வைப்பது. அமெரிக்கர்கள் பெரும்பாலும் முதல் வழியில் போனார்கள், அங்கே பெட்ரோல் மலிவு. இத்தாலியர்களுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது.

காரணம் வரி. இத்தாலியில் காருக்கான ஆண்டு வரியை நீண்ட காலம் எஞ்சின் அளவை வைத்தே கணக்கிட்டார்கள், சிசி ஏற ஏற வரியும் ஏறும். பெட்ரோலும் விலை அதிகம். நம் ஊரில் நான்கு மீட்டருக்குள் நீளம், 1200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சின் என்றால் வரி குறைவு என்று ஒரு விதி வந்ததும் எல்லாக் கம்பெனியும் காரின் வாலை வெட்டிக் குட்டையாக்கியதைப் பார்த்தோம் அல்லவா, அந்த மாதிரிதான் அங்கே எஞ்சின்களின் வடிவத்தை வரிப் புத்தகம் முடிவு செய்தது. இது பின்னாலும் தொடர்ந்தது. 1980-களில் 2000 சிசிக்கு மேல் போன பெட்ரோல் கார்களுக்கு மதிப்புக்கூட்டு வரி 38 சதவீதம், அதற்குக் கீழே என்றால் அதில் ஏறக்குறைய பாதிதான். அதனால் ஃபெராரிகூட 1980-ல் 208 ஜிடிபி என்று வெறும் இரண்டு லிட்டர் வி8 எஞ்சின் (வி வடிவில் இரண்டு வரிசையாக எட்டு சிலிண்டர்) வைத்த காரை உள்நாட்டுக்காகச் செய்தது. அது சக்தி போதாமல் தவித்ததால் 1982-ல் அதற்கே டர்போ, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று காற்றை உள்ளே திணிக்கும் விசிறி, மாட்டியது.

சரி, சின்ன எஞ்சினை வேகமாக மூச்சு விட வைப்பது எப்படி? இங்கேதான் வால்வு வருகிறது.

ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் காற்று உள்ளே வர ஓர் இன்லெட் வால்வு, புகை வெளியே போக ஓர் எக்ஸாஸ்ட் வால்வு. இவற்றைத் திறந்துவிடுவது கேம் ஷாஃப்ட், முட்டை வடிவத் திமில்கள் வைத்த ஒரு தண்டு. திமில் வந்து இடிக்கும்போது வால்வு திறக்கும், திமில் தாண்டிப் போனதும் ஸ்பிரிங் அதை இழுத்து மூடும். பத்மினி எஞ்சினில் இந்தக் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்குக்குள், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதிக்குள், கிடக்கிறது. வால்வோ மேலே ஹெட்டில். நடுவில் செய்தி போய்ச் சேர டாப்பெட், அதன் மேல் நீளமான புஷ் ராட், அதன் மேல் சீசாப் பலகை மாதிரி ஒரு ராக்கர், அப்புறம்தான் வால்வு. கேம் கீழே தட்டினால் இத்தனையும் சேர்ந்து அசைந்து மேலே வால்வு திறக்கும்.

மெதுவாக ஓடும் எஞ்சினுக்கு இது அருமையான ஏற்பாடு: மலிவு, பழுது பார்க்கச் சுலபம், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 3000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் புஷ் ராட், ராக்கர் என்று அத்தனை இரும்பும் முன்னும் பின்னும் ஆட வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் ஸ்பிரிங்கால் அந்த எடையைத் திருப்பி இழுக்க முடியாது. வால்வு மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் மிதக்கும். எஞ்சின் அதற்கு மேல் போகாது.

அப்படியானால் கேம் ஷாஃப்டையே தூக்கி ஹெட்டின் மேல் வைத்துவிட்டால்? புஷ் ராடும் வேண்டாம், ராக்கரும் வேண்டாம். ஒன்றுக்குப் பதில் இரண்டு வைத்தால் இன்லெட் வால்வுகளுக்கு ஒரு தண்டு, எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு ஒரு தண்டு. கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் மட்டும்தான். இதைத்தான் ட்வின் கேம் என்கிறோம். எடை குறைந்துவிட்டதால் வேகமாகச் சுற்றலாம். அதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று: வால்வுகளை வரிசையாக நேராக நிறுத்த வேண்டியதில்லை, கூரையின் இரண்டு சரிவு மாதிரி இன்லெட்டை ஒரு பக்கமும் எக்ஸாஸ்டை மறுபக்கமும் சாய்த்து வைக்கலாம். அப்படிச் சாய்த்தால் எரியும் அறை கவிழ்த்த கிண்ணம் மாதிரி அரைக்கோளமாக அமையும், வால்வுகளைப் பெரிதாக்கலாம், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறும், தீப்பொறி கொடுக்கும் பிளக்கை நட்டநடுவில் வைக்கலாம். தீ எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும்.

இதை இத்தாலியர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1912-ல் பிரான்ஸின் பூஜோ கம்பெனி பந்தயக் காரில் செய்து காட்டியது. அதற்கப்புறம் பல நாடுகளிலும் பந்தயக் கார்களிலும் விலை உயர்ந்த கார்களிலும் வந்தது. ஆல்ஃபா ரோமியோவும் 1920-களில் விட்டோரியோ யானோ வடிவமைத்த பி2 பந்தயக் காரில் இதையே வைத்து, 1925-ல் முதல் உலகக் கோப்பையை ஜெயித்தது. அந்த வெற்றிக்காகத்தான் ஆல்ஃபா சின்னத்தைச் சுற்றி வாகை மாலை மாதிரி ஓர் இலை வளையம் வந்தது. இத்தாலியர்கள் செய்த காரியம் வேறு: பந்தய மைதானத்தில் இருந்த பொருளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ஜூலியெட்டா ஸ்பிரிண்ட் வந்த அடுத்த வருடம் அதே எஞ்சினை நான்கு கதவு வைத்த குடும்பக் காரிலும் வைத்தார்கள், குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடும் காரில்! அந்தக் காலத்தில் மற்ற நாட்டுக் குடும்பக் கார்களில் பெரும்பாலானவை புஷ் ராடில் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த ஆல்ஃபா எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது இது. ஹெட் மட்டும் அல்ல, பிளாக்கும் அலுமினியம். அலுமினியத்தில் பிஸ்டன் உரசினால் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் உள்ளே வார்ப்பிரும்புக் குழாய்களைத் தனியாகச் செருகினார்கள். அவற்றைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும், தேய்ந்தால் அந்தக் குழாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கேம்களைச் சுழற்றுவது செயின். பின்னால் 1962-ல் ஜூலியா காரில் இதே எஞ்சின் 1570 சிசியாக வளர்ந்தபோது எக்ஸாஸ்ட் வால்வுத் தண்டுக்குள் சோடியத்தை அடைத்தார்கள். சூட்டில் சோடியம் உருகி உள்ளேயே மேலும் கீழும் குலுங்கி, வால்வின் தலையிலிருக்கும் வெப்பத்தைத் தண்டு வழியாகக் கடத்திவிடும். ஒரு குடும்பக் காரில் இது, கூடவே ஐந்து கியர். நம் பத்மினிக்கு நான்குதான், அதுவும் ஸ்டியரிங் பக்கத்துக் கை கியர். இந்த ஆல்ஃபா எஞ்சின் குடும்பம் 1750, 2000 என்று வளர்ந்து 1990-கள் வரை ஓடியது. நாற்பது வருடம் ஓர் அடிப்படை வடிவமைப்பு தாக்குப்பிடித்தது என்றால், முதல் நாள் பலகையில் வரைந்தவர்கள் எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்!

மூச்சு என்றதும் கார்புரேட்டரை விட்டுவிட முடியாது. பொலோனா நகரத்தில் எதோவார்தோ வெபர் தொடங்கிய பட்டறையின் இரட்டைத் தொண்டைக் கார்புரேட்டர்கள் இந்த எஞ்சின்களோடு பிரிக்க முடியாதவை. சாதாரணக் காரில் ஒரே கார்புரேட்டர் நான்கு சிலிண்டருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும், கடைக்கோடிச் சிலிண்டர்களுக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். இரண்டு வெபரைப் படுக்கவைத்து மாட்டினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தொண்டை. பழைய ஆல்ஃபா முடுக்கப்படும்போது முன்னாலிருந்து ஓர் உறுமல் கேட்கும், அதில் பாதி சைலன்சர் சத்தம் இல்லை, அந்த நான்கு தொண்டைகள் காற்றை இழுக்கும் சத்தம்.

அடுத்து பியட். ஆல்ஃபா செய்தது நல்ல பொருள், ஆனால் செலவு பிடித்த பொருள். அதை மலிவாக, லட்சக்கணக்கில் செய்ய முடியுமா என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர் அவ்ரேலியோ லாம்ப்ரெதி. இவர் யார் தெரியுமா? ஃபெராரியில் இருந்தவர். 1952, 1953 இரண்டு வருடமும் பந்தய வீரர் ஆஸ்காரி ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் ஜெயித்த ஃபெராரியின் நான்கு சிலிண்டர் எஞ்சின் இவர் கையால் வந்தது. 1955-ல் பியட்டுக்குப் போனார். அங்கே பியட் 124 என்ற சாதுவான குடும்பக் காரின் புஷ் ராட் எஞ்சின் பிளாக்கை எடுத்துக்கொண்டு, அதன் மேல் இரண்டு கேம் வைத்த அலுமினிய ஹெட்டை உட்கார வைத்தார். 1966-ல் 124 ஸ்போர்ட் வந்தது: 1438 சிசி, 90 குதிரைத்திறன். அடிப்படை 124-ன் 1197 சிசி எஞ்சின் கொடுத்தது 60. இங்கேயும் ஸ்ட்ரோக் இரண்டுக்கும் ஒன்றேதான், 71.5 மில்லிமீட்டர். (இந்த 124-ஐ நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிரீமியர் 118என்இ அதன் உடம்புதான், எஞ்சின் மட்டும் நிசானுடையது. ரஷ்யாவின் லாடாவும் இதே 124-ன் வழிதான்.)

லாம்ப்ரெதி செலவைக் குறைத்த விதம் ரசிக்க வேண்டியது. செயினுக்குப் பதில் பல் வைத்த ரப்பர் பெல்ட் போட்டார். எண்ணெய் வேண்டாம், சத்தம் இல்லை, விலை குறைவு. இன்னொன்று வால்வு இடைவெளி சரிசெய்வது. ஆல்ஃபாவில் இடைவெளி மாறிவிட்டால் கேம் ஷாஃப்டையே கழற்றி, கிண்ணத்துக்கு அடியில் இருக்கும் சின்னத் தகட்டை மாற்ற வேண்டும், அரை நாள் வேலை. லாம்ப்ரெதி அந்தத் தகட்டைக் கிண்ணத்தின் மேலே வைத்தார். கேமைத் தொடாமலே கிண்ணத்தை அழுத்திப் பிடித்துத் தகட்டை உருவி வேறு தகட்டைச் செருகிவிடலாம். மெக்கானிக்கின் விரலை நினைத்துப் பார்த்து வரைந்த வடிவமைப்பு என்று நான் இதைச் சொல்வேன்.

அந்த எஞ்சின் அப்புறம் எங்கெல்லாம் போனது என்று பாருங்கள். பியட் 131 அபார்த்தில் இருந்துகொண்டு 1977, 78, 80-ல் உலக ராலி பட்டம், சூப்பர்சார்ஜர் (எஞ்சினே சுழற்றும் காற்றுத் திணிப்பி) மாட்டி லான்சியா 037-ல் 1983-ல், டர்போ மாட்டி லான்சியா டெல்டாவில் 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு வருடம். மொத்தம் பத்துப் பட்டம்.

இப்படி இடம் மாறியவர் லாம்ப்ரெதி மட்டும் இல்லை. பி2 வரைந்த யானோ பியட்டில் இருந்து ஆல்ஃபாவுக்குப் போனவர், பின்னால் லான்சியாவுக்கு, அங்கிருந்து ஃபெராரிக்கு. ஃபெராரியின் முதல் வி12 எஞ்சினை வரைந்த ஜோவாக்கினோ கொலம்போ ஆல்ஃபாவிலிருந்து வந்தவர். ஆல்ஃபாவின் புகழ்பெற்ற வி6 எஞ்சினைச் செய்த ஜுசெப்பே புஸ்ஸோ நடுவில் கொஞ்ச காலம் ஃபெராரியில் இருந்தார். தூரின், மிலான், மோதெனா மூன்றும் ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கும் ஊர்கள். ஒரு கம்பெனியில் கற்ற கை இன்னொரு கம்பெனிக்குப் போய்க்கொண்டே இருந்தது. பந்தய அறிவு குடும்பக் காருக்குள் எப்படி இறங்கியது என்று கேட்டால் என் பதில் இந்த ஆட்களின் நடமாட்டம்தான்.

லான்சியா தனி உலகம். தூரினில் 1906-ல் வின்சென்சோ லான்சியா தொடங்கியது. இவர்கள் சக்தியைவிட வடிவத்தைப் பற்றியே அதிகம் யோசித்தார்கள். 1922-ல் வந்த லாம்டா காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, கப்பல் மாதிரி உடம்பே எலும்பாகவும் இருந்தது. எல்லாரும் இரும்புச் சட்டத்தின் மேல் பெட்டியை வைத்துக்கொண்டிருந்த காலம் அது. எஞ்சின் வி4. வி என்றதும் அகல விரித்த இரண்டு கைகள் மாதிரி நினைக்க வேண்டாம், லான்சியாவின் வி மிகக் குறுகியது. 1963-ல் வந்த ஃபுல்வியாவில் இரண்டு வரிசைக்கும் இடையே கோணம் 13 டிகிரிக்கும் குறைவு. ஏறக்குறைய நேர்வரிசைதான், ஆனால் சிலிண்டர்களைக் கொஞ்சம் முன்பின்னாகத் தள்ளி வைத்ததால் எஞ்சினின் நீளம் குறைந்தது, இரண்டு வரிசைக்கும் ஒரே ஹெட் போதுமானதாக இருந்தது. பஸ் சீட்டில் நான்கு பேர் தோளைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஒதுக்கி உட்கார்ந்தால் இடம் கிடைப்பது மாதிரி. 1950-ல் இவர்களுடைய ஆரேலியா உலகில் முதல் முறையாகத் தொடர் உற்பத்தியில் வி6 எஞ்சினைக் கொண்டுவந்தது, கோணம் 60 டிகிரி. அந்தக் கோணத்தில் ஆறு சிலிண்டரின் அதிர்வு எப்படி அடங்கும் என்று ஃபிரான்செஸ்கோ தெ விர்ஜிலியோ என்ற பொறியாளர் கணக்குப் போட்டு நிறுவினார், இன்றைய வி6 எஞ்சின்களில் பெரும்பாலானவை அதே 60 டிகிரிதான். இவ்வளவு கவனமாகச் செய்த கார்களை விலை கட்டுப்படியாகாமல் விற்று விற்று லான்சியா கடனில் மூழ்கி, 1969-ல் பியட் வாங்கிக்கொண்டது.

ஃபெராரியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகப் படிப்பவர்கள் அந்த எண்களில் குழம்புவார்கள். முதல் ஃபெராரி, 1947-ல் வந்தது, 125. அது ஒரு சிலிண்டரின் சிசி. பன்னிரண்டால் பெருக்கினால் ஒன்றரை லிட்டர். அதே கணக்கில் 250 என்றால் மூன்று லிட்டர். பின்னால் வந்த 308 வேறு கணக்கு: மூன்று லிட்டர், எட்டு சிலிண்டர். மேலே சொன்ன 208-ஐ இப்போது நீங்களே படித்துவிடலாம்.

உண்மையில் உலகத்தை அதிகம் மாற்றியது இந்தப் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்கள் எதுவும் இல்லை, 1969-ல் வந்த பியட் 128. பியட்டின் தலைமை வடிவமைப்பாளர் தாந்தே ஜகோசா எஞ்சினைக் குறுக்கே வைத்து, கியர்பாக்ஸை அதன் ஒரு முனையில் ஒட்ட வைத்து, இரண்டு முன் சக்கரங்களுக்கும் நீளம் வேறுபட்ட தண்டுகளைக் கொடுத்தார். 1964-ல் ஆவ்தோபியாங்கி பிரிமுலா என்ற சின்னக் காரில் அவர் சோதித்துப் பார்த்த ஏற்பாடு அது. இன்று உங்கள் வீட்டில் முன்சக்கரத்தில் இழுக்கும் கார் எது இருந்தாலும், அனேகமாக அதன் பானட்டுக்குள் இருப்பது ஜகோசாவின் ஏற்பாடுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 1970-களின் பல இத்தாலியக் கார்களில் எஞ்சின் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடத் தயாராக இருந்தபோது உடம்பு துருப்பிடித்துப் போனது. ஆல்ஃபாசுத், லான்சியா பீட்டா இரண்டும் இதற்கே பெயர் எடுத்தவை. எனக்கு அது இன்றும் வருத்தம் தரும் விஷயம். அப்புறம் பராமரிப்பு: ரப்பர் பெல்ட்டை நேரத்துக்கு மாற்றாவிட்டால் அறுந்துபோய், பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி வளைந்துவிடும். அலுமினிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததுமே முடுக்கக் கூடாது, ஆயில் சூடாகட்டும். சூடான பிறகு நேர்மாறு: எப்போதும் மெதுவாகவே ஓட்டினால் பிளக்கிலும் வால்விலும் கரி படியும், ஒரு நல்ல நீண்ட சாலையில் கொஞ்ச நேரம் உயர்ந்த சுற்றில் ஓட்டினால் அந்தக் கரி எரிந்து போகும். இதற்கு உலகம் முழுக்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயரே ‘இத்தாலியன் டியூன்-அப்’.

பழைய கார் கண்காட்சி எதற்காவது போனால் பானட் திறந்திருக்கும் வண்டியாகப் பார்த்து நில்லுங்கள். பிளக் ஒயர்கள் எஞ்சினின் பக்கவாட்டில் செருகியிருந்து, மேலே ஒரே ஒரு தகர மூடி இருந்தால் அது பத்மினி மாதிரி புஷ் ராட். அகலமான ஓர் அலுமினிய மூடியின் நட்டநடுவில் நான்கு பிளக்குகள் வரிசையாக இறங்கினால் ஆல்ஃபா ட்வின் கேம். இரண்டு தனித்தனிக் கேம் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, முன்முனையில் பெல்ட் ஓடினால் லாம்ப்ரெதியுடையது. எஞ்சின் மொத்தமாக 45 டிகிரி சாய்ந்து படுத்திருந்தால் அது ஃபுல்வியா, சொந்தக்காரரிடம் கேட்டு ஒரு முறை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.